ஆஸ்பத்திரி பில்லை ஆப் கட்டுமா? கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவ சொல்றது

கேள்வி கேட்டவர் மலேசியாவுல, பினாங்கு பக்கம் பட்டர்வொர்த்ல கிராப் டாக்ஸி ஓட்டற ஒரு தம்பி. அவரோட அம்மாவுக்குப் பித்தப்பையில கல்லு, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜார்ஜ்டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஆபரேஷன். மெடிக்கல் இன்சூரன்ஸ் கார்டு இருந்தும் முதல்ல 3,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், டெபாசிட் வாங்கிட்டாங்களாம், ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள் காலைல பத்து மணிக்கு டாக்டர் வந்து வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டாரு, ஆனா வார்டை விட்டுக் கிளம்பும்போது சாயங்காலம் ஆறரை, அதுவும் 1,740 வெள்ளி கையிலேர்ந்து போனப்புறம். இப்ப அவரோட கூட்டாளி ஒருத்தன் காசு விஷயத்தை ஆப்ல முடிக்கிற ஃபின்டெக் ஸ்டார்ட்அப் ஒண்ணுல சேர்ந்திருக்கானாம், "வைத்தியம் இப்ப, காசு அப்புறம், எல்லாம் போன்லயே முடிஞ்சிரும்"னு சொல்றான். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் வருது. இவங்க நெசமாவே எதையாச்சும் சரி பண்றாங்களா, இல்ல கடனையே வேற பேருல விக்கிறாங்களா, இதுதான் கேள்வி.

ரெண்டும் நடக்குது தம்பி. எது எதுன்னு பிரிச்சுப் பார்க்க நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்: பில்லு நெனச்சதைவிட ஏறிப் போச்சுன்னா அந்த ஏத்தம் யார் தலையில விழும்? உங்க தலையிலதான்னா அது எவ்ளோ அழகான ஆப்பா இருந்தாலும் கடன்தான்.

நான் யாருன்னு கேட்டா, பினாங்குல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில 11 வருஷம் பில்லிங் கவுண்டர்ல இருந்தவ, அப்புறம் கேஎல், அதாவது கோலாலம்பூர் போய் 4 வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக கிளைம் பார்க்கிற டிபிஏ ஆபீஸ்ல வேலை செஞ்சவ. அதாவது உங்கள காக்க வச்சதும் நான்தான், அந்த ஆஸ்பத்திரியைக் காக்க வச்சதும் நான்தான். திட்டறதா இருந்தா ரெண்டு தடவை திட்டிக்கலாம்.

முதல்ல அந்த எட்டரை மணி நேரத்துல என்னதான் நடந்துச்சுன்னு சொல்லிடறேன், ஏன்னா ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கிறவங்க பாதிப் பேருக்கே இது தெரியாது. டாக்டர் போகலாம்னு சொன்னதும் நர்ஸ் மிச்சம் இருக்கிற மருந்தை எல்லாம் ஃபார்மசிக்குத் திருப்பி அனுப்பணும், ஃபார்மசி அதைக் கழிக்கணும். நம்ம ஊர் தனியார் ஆஸ்பத்திரியில ஸ்பெஷலிஸ்ட் டாக்டருங்க பெரும்பாலும் ஆஸ்பத்திரியோட சம்பள ஆளுங்க இல்ல, தனித்தனி ஆளுங்க, சோ சர்ஜன் ஒரு ஃபீஸ் போடணும், மயக்க மருந்து டாக்டர் ஒரு ஃபீஸ் போடணும், நடுவுல சுகர் பார்க்க ஒருத்தர் வந்திருந்தா அவரும் போடணும், ஒருத்தர் ஆபரேஷன் தியேட்டர்ல மாட்டிக்கிட்டா பில்லு மூடவே முடியாது. மூடினப்புறம் பில்லு, டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் நிரப்பின ஃபாரம் எல்லாம் டிபிஏவுக்குப் போகும். அங்க என்ன மாதிரி ஒருத்தி உட்கார்ந்து, "இந்த வயித்து வலி எப்பலேர்ந்து இருக்கு, முந்தி எங்கயாச்சும் காட்டியிருக்காங்களா"ன்னு ஒரு கேள்வி அனுப்புவா. அதுக்குப் பதில் எழுத வேண்டியது அதே டாக்டர். அவரு மத்தியானச் சாப்பாட்டுல இருப்பாரு, இல்ல அடுத்த கேஸ்ல இருப்பாரு. நாலு மணிக்குப் பதில் வரும், எது எது கவர் ஆகாதுன்னு கழிச்சு ஃபைனல் ஜிஎல், அதாவது இவ்ளோ நாங்க கட்டறோம்ங்கிற உத்தரவாதக் கடிதம், வரும், அப்பதான் கவுண்டர்ல உங்க பேரைக் கூப்பிடுவாங்க. கார்டைத் தட்டி காசு கட்டறதுக்கு ரெண்டு நிமிஷம்.

இப்ப யோசிச்சுப் பாருங்க, போன்ல ஸ்கேன் பண்ணிக் கட்டற டுயிட்நவ் கியூஆர், ஈ-வாலட், இதெல்லாம் சரி பண்ணினது அந்தக் கடைசி ரெண்டு நிமிஷத்தைத்தான். நல்லதுதான், நான் ஒண்ணும் குறை சொல்லலை, முந்தியெல்லாம் ஆளுங்க சுருட்டின நோட்டை எண்ணி எண்ணி வச்சதைப் பார்த்தவ நான். ஆனா மிச்ச எட்டு மணி நேரம் அப்படியே இருக்கு. காசு கட்டற வழியில சிக்கல் இருந்தது கொஞ்சம்தான், யாரு எவ்ளோ கட்டறதுன்னு முடிவாகிறதுக்குத்தான் இவ்ளோ நேரம்.

இதை ஆப் இல்லாமயே ஒரு நாடு பிடிச்சு இறுக்கியிருக்கு. இந்தியாவுல இன்சூரன்ஸைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ 2024 மே மாசம் ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு: கேஷ்லெஸ் அனுமதி, அதாவது பில்லை இன்சூரன்ஸே நேரா கட்டற அனுமதி, கேட்டா 1 மணி நேரத்துல பதில் சொல்லணும், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்துக்குள்ள ஃபைனல் அனுமதி கொடுக்கணும், அதுக்கு மேல இழுத்து அதனால ஆஸ்பத்திரி கூடுதலா சார்ஜ் பண்ணினா அதை இன்சூரன்ஸ் கம்பெனி தன்னோட பங்குதாரர் காசுலேர்ந்து கட்டணும். நடைமுறையில எல்லா இடத்துலயும் அப்படியே நடக்குதான்னு அங்க இருக்கிறவங்களைத்தான் கேக்கணும், ஆனா தாமதத்துக்கு ஒரு விலை போட்டு அதை இழுக்கிறவன் தலையில வச்சாங்க பாருங்க, அதுதான் விஷயம். அப்படி ஒரு ரூல் வந்தா, கிளைமை வேகமா படிக்கிற சாஃப்ட்வேர் விக்கிற ஸ்டார்ட்அப்புக்குத் தானா வியாபாரம் வந்துரும். ரூல் இல்லன்னா வேகமா முடிக்க யாருக்கு அவசரம், காத்திருக்கிறது பேஷண்ட்தானே.

அடுத்தது டெபாசிட். கார்டு இருந்தும் ஏன் கேக்கறாங்கன்னு ரொம்பப் பேர் கோவப்படுவீங்க. முதல்ல வர்ற ஜிஎல் ஒரு தொகைக்குத்தான் வரும், முழு பில்லுக்கும் உத்தரவாதம் கிடையாது. பாலிசி எடுத்து 120 நாள் ஆகலைன்னா பித்தப்பைக் கல்லு, பிரஷர், சுகர் மாதிரி குறிப்பிட்ட வியாதிங்களுக்குக் கவர் இல்ல, முந்தியே இருந்த வியாதின்னு தெரிஞ்சா மொத்தமா மறுக்கலாம். மறுத்துட்டா ஆஸ்பத்திரி உங்ககிட்டதான் வசூல் பண்ணணும், அதுவும் நீங்க வீட்டுக்குப் போனப்புறம். அதனால முன்னாடியே கொஞ்சம் பிடிச்சு வச்சுக்குறாங்க. உயிருக்கு ஆபத்தான நேரம்னா விஷயம் வேற, 1998ஆம் வருஷத்து தனியார் மருத்துவ வசதிச் சட்டப்படி எமர்ஜென்சி சிகிச்சை கொடுத்தே ஆகணும், காசுப் பேச்சு அப்புறம்தான்.

நான் சேர்ந்த புதுசுல சுங்கை பக்காப் பக்கத்துலேர்ந்து ஒரு பெரியவர், சம்சாரத்தை அட்மிட் பண்ண வந்தவர், டெபாசிட் எவ்ளோன்னு கேட்டுட்டு பேசாம வெளிய போயிட்டாரு. ஒண்ணரை மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்து காசைக் கட்டினாரு, அந்தம்மா கழுத்துல காலைல இருந்த செயின் இல்ல. எங்க ஊர்ல பழைய ஃபின்டெக் அடகுக்கடைதான். அதுக்கும் முந்தி பினாங்கு ஸ்ட்ரீட்ல வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார் கிட்டங்கி. அதனால "வைத்தியம் இப்ப, காசு அப்புறம்"னு யாராச்சும் புதுசு மாதிரி சொன்னா எனக்குச் சிரிப்புதான் வரும்.

சரி அந்தப் பே லேட்டர் கதைக்கே வருவோம், உங்க கூட்டாளி கம்பெனி அதுதானே. ஒரு கணக்கு போடுவோம், இது உதாரணத்துக்கு நான் போடறது. 6,000 வெள்ளி பில்லு, 12 மாசத் தவணை, 8 பர்சென்ட் வட்டின்னு சொல்றாங்க. மாசம் 540 வெள்ளி, மொத்தம் 6,480. எட்டுதானே பரவாயில்லைன்னு தோணும். ஆனா நீங்க மாசா மாசம் அசலைக் குறைச்சுக்கிட்டே வர்றீங்க, வட்டியை மட்டும் முழு 6,000க்கும் கடைசி வரைக்கும் போடறாங்க, சரியா கணக்குப் பார்த்தா அது வருஷத்துக்கு 14 பர்சென்டுக்கும் மேல. கிரெடிட் கார்டு இருக்கிறவங்களுக்கு சில ஆஸ்பத்திரியில பேங்க் மூலமா வட்டியில்லாத தவணையே கிடைக்கும், அதைக் கேக்காமயே விட்டுடுவாங்க. கவுண்டர்ல நாங்களும் நீங்க கேட்டாதான் சொல்லுவோம், உண்மையைச் சொல்றேன்.

அமெரிக்காவுல இந்த வியாபாரம் 1987லேயே ஆரம்பிச்சது, கேர்கிரெடிட்னு மருத்துவச் செலவுக்குன்னே ஒரு கார்டு. அதுல இருக்கிற பொறி என்னன்னா, சொன்ன மாசத்துக்குள்ள முழுசா கட்டிட்டா வட்டி இல்ல, கொஞ்சம் பாக்கி வச்சாலும் முதல் நாள்லேர்ந்து சேர்ந்த வட்டி மொத்தமா வந்து விழும். 2018லேர்ந்து 2020க்குள்ள இப்படி விழுந்த வட்டி மட்டும் 100 கோடி டாலர்னு அங்க இருக்கிற நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் 2023ல சொல்லிச்சு. அதே ஊர்ல பேஜென்னு ஒரு ஸ்டார்ட்அப் வேற மாதிரி பண்ணுது, பேஷண்ட்கிட்ட வட்டி வாங்குறதில்ல, ஆஸ்பத்திரிகிட்டதான் வாங்குது. ஏன் ஆஸ்பத்திரி கொடுக்குதுன்னா, வசூலே ஆகாம போற பில்லுல கொஞ்சம் கொறஞ்சா அவங்களுக்கு லாபம். ரெண்டுக்கும் வெளியில வித்தியாசமே தெரியாது, ரெண்டும் போன்ல ஒரே மாதிரி பச்சைப் பட்டன்தான். யார்கிட்ட வட்டி வாங்குறான்னு கேட்டாதான் வெளிய வரும், அதான் முதல்லயே சொன்னேன். உங்க கூட்டாளியையும் இதையே கேளுங்க. முழிச்சான்னா விட்டுருங்க. நம்ம ஊர்லயும் பே லேட்டர் கம்பெனிங்களை லைசென்ஸுக்குள்ள கொண்டு வர்ற நுகர்வோர் கடன் சட்டம் 2025ல பார்லிமெண்ட்ல பாஸ் ஆயிருச்சு, அதனால லைசென்ஸ் இருக்கா, எப்ப வாங்கப் போறீங்கன்னும் கேக்கலாம், கேக்கறதுல தப்பில்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை ஒண்ணு இருக்கு, அது சீனாவுல நடந்தது. போன்ல காசு கட்டற அலிபே ஆப்பை நடத்துற ஆன்ட் கம்பெனி 2018 அக்டோபர்ல சியாங் ஹூ பாவ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. நம்மாளுங்களுக்கு இது புதுசே இல்ல, எல்லாரும் காசு போட்டு ஒவ்வொருத்தரா எடுக்கிற சீட்டு, நாம கூட்டுன்னு சொல்றது, அது மாதிரிதான். மலாய்க்காரங்க "மாயின் குத்து"ன்னு சொல்றாங்களே, அந்தக் குத்து நம்ம கூட்டுதான். 1971லேயே கூட்டு நிதியைத் தடை பண்ண ஒரு சட்டம் போட்டாங்க, அந்தச் சட்டத்தோட பேருலயே கூட்டுங்கிற வார்த்தை இருக்கு, தடை போட்டும் எந்தத் தாமான்ல, எந்தக் குடியிருப்புல நின்னுருக்கு சொல்லுங்க. அது போக மரண சகாய நிதின்னு கோயில் பக்கம், தோட்டம் பக்கம் ஒண்ணு இருக்கும், ஒருத்தர் வீட்டுல சாவுன்னா எல்லாரும் இத்தனை வெள்ளின்னு போட்டு அந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பாங்க. சியாங் ஹூ பாவ் அதையே பெரிய வியாதிக்குப் பண்ணுச்சு. முன்பணம் கிடையாது, யாருக்காச்சும் கேன்சர் மாதிரி வியாதி வந்து கிளைம் சரின்னு ஆயிட்டா அந்தச் செலவை எல்லா மெம்பருக்கும் பங்கு போட்டு மாசம் ரெண்டு தடவை சில காசு பிடிப்பாங்க, ஆன்ட் 8 பர்சென்ட் நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கும். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல, 10 கோடி மெம்பர். இன்சூரன்ஸே வாங்கியிருக்க முடியாத கிராமத்து ஆளுங்க எல்லாம் உள்ள வந்தாங்க.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, மெம்பருங்க வயசு ஏற ஏற, கிளைம் ஏற ஏற, ஒவ்வொருத்தர் பங்கும் ஏறிச்சு. நல்லா இருக்கிற இளசுங்க "எனக்கு எதுக்கு"ன்னு வெளிய போனாங்க. அவங்க போனதால மிச்சம் இருக்கிறவங்க பங்கு இன்னும் ஏறிச்சு. 2022 ஜனவரி 28ல மூடிட்டாங்க. ஒழுங்குமுறை அதிகாரிங்க நெருக்கினதும் ஒரு காரணம்தான், அதையும் சொல்லணும். ஆனா மரண சகாய நிதியில ஏன் இப்படி ஆகறதில்லன்னு நான் யோசிச்சிருக்கேன். அங்க ஒருத்தர் நின்னுட்டா அடுத்த வாரம் கோயில்ல தலைவர் முகத்தைப் பார்க்கணும். பத்துக் கோடிப் பேருக்கு நடுவுல யார் முகத்தை யார் பார்க்கிறது, ஒரு பட்டனை அமுக்கினா வெளிய. பிடிச்சு வைக்கிறதுக்கு ஒண்ணு வேணும், ஒண்ணு சொந்த பந்தம், இல்லன்னா சட்டம்.

சட்டம் பிடிச்சு வைக்கிறதுக்கு உதாரணம் பக்கத்துலயே இருக்கு, சிங்கப்பூர்ல 1984லேர்ந்து மெடிசேவ், சம்பளத்துலேர்ந்து கட்டாயமா ஒரு பங்கு வைத்தியத்துக்குன்னு தனியா போகும். கென்யாவுல சஃபாரிகாம் கம்பெனியும் கேர்பேங்கிற ஸ்டார்ட்அப்பும் ஃபார்ம்ஆக்சஸ்ங்கிற தொண்டு நிறுவனமும் சேர்ந்து எம்-டிபான்னு ஒரு போன் வாலட் கொண்டு வந்தாங்க, அதுல போட்ட காசை மருத்துவத்துக்கு மட்டும்தான் எடுக்கலாம், மீன் வாங்க முடியாது. நம்ம ஊர்ல அந்த வேலையை அரைகுறையா செய்யறது இபிஎஃப், அதாவது தொழிலாளர் சேமநிதி. 2024 மே மாசத்துலேர்ந்து மூணு அக்கவுண்டா பிரிச்சாங்களே, பெர்சாராஆன் 75, செஜாத்ரா 15, ஃப்ளெக்சிபல் 10 பர்சென்ட், அதுல செஜாத்ராவுலேர்ந்து மருத்துவச் செலவுக்கு எடுக்கலாம், உங்களுக்கு மட்டுமில்ல, அம்மா அப்பாவுக்கும் எடுக்கலாம். நீங்க முந்தி பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில வேலை செஞ்சதா எழுதியிருந்தீங்க, அந்தக் காசு இன்னும் அங்கதான் இருக்கும். எல்லா வியாதிக்கும் கிடையாது, லிஸ்ட் இருக்கு, உங்கப்பா கேஸ் அதுல வருதான்னு இபிஎஃப் கவுண்டர்ல கேட்டுட்டுத்தான் நம்பணும்.

கம்பெனி வேலைக்காரங்களுக்கு நம்ம ஊர் ஸ்டார்ட்அப்புங்க நல்லாவே செஞ்சிருக்காங்க. கேஎல்ல ஹெல்த்மெட்ரிக்ஸ் மாதிரி, கம்பெனி கொடுக்கிற கிளினிக் பெனிஃபிட்டை போன்லயே காட்டி முடிக்கிற வேலை. ஆனா அது ஏற்கனவே யாரோ காசு கொடுக்கிற ஆளுங்களுக்கு, கிராப் ஓட்டறவங்களுக்கு அந்தக் கதவே கிடையாது. சொந்தமா தொழில் பண்றவங்களுக்கான சொக்சோ, அதாவது சமூகப் பாதுகாப்புத் திட்டம், 2017ஆம் வருஷத்து 789ஆம் சட்டம், வேலை நேரத்துல அடிபட்டாதான், பித்தப்பைக் கல்லுக்கு வராது.

ஆன்லைன்ல பொதுஜனத்துகிட்ட காசு திரட்டற கிரௌட்ஃபண்டிங் பத்தி ரெண்டு வரி. இந்தியாவுல மிலாப், கெட்டோ மாதிரி தளங்கள்ல லட்சக்கணக்குல திரட்டி குழந்தைங்களுக்கு வைத்தியம் பார்த்திருக்காங்க, உண்மை. ஆனா அழகா போட்டோ வர்ற குழந்தைக்குக் கிடைக்கிற காசு கிட்னி போன அறுபது வயசு லாரி டிரைவருக்குக் கிடைக்காது. எங்க வாட்சாப் குரூப்புலயும் வாரத்துக்கு ஒரு படம் வருது, கீழ ஒரு அக்கவுண்ட் நம்பர், நெசமா பொய்யான்னு பார்க்கவே ஒரு ஆள் வேணும். ஆஸ்பத்திரி அக்கவுண்டுக்கே நேரா போற மாதிரி இருந்தா போடுவேன், தனி ஆள் நம்பருக்கு நான் போடறதில்ல.

யாரும் பேசாத ஒரு பக்கம் இருக்கு, கிளினிக் டாக்டர் பக்கம். டிபிஏ கார்டுல வர்ற பேஷண்டைப் பார்த்துட்டு அந்தக் காசுக்காக அவர் மாசக்கணக்குல காத்திருப்பாரு, நான் அந்த ஆபீஸ்ல இருந்தப்ப எங்களுக்கு வர்ற போன்ல பாதி அதுதான், "என் பேமெண்ட் எங்க"ன்னு. கடைசில சில டாக்டருங்க கார்டே வேணாம், கேஷ்னா வாங்கன்னு போர்டு மாட்டிடுவாங்க, அப்ப உங்க கார்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். நைஜீரியாவுல ஹீலியம் ஹெல்த்னு ஒரு கம்பெனி, ஆஸ்பத்திரிங்களுக்கு ரெக்கார்ட் வைக்கிற சாஃப்ட்வேர் கொடுத்துட்டு அந்தக் கணக்கையே பார்த்து அவங்களுக்குக் கடனும் கொடுக்குது. பேஷண்டுக்குக் கடன் கொடுக்கிறதைவிட இது எவ்வளவோ மேல்னு எனக்குப் படுது, வரப் போற காசு எவ்ளோன்னு தெரிஞ்சு கொடுக்கிற கடன், வியாதிக்காரன் தலையில எதுவும் விழாது.

எல்லாத்தையும் ஒரே குழாய்ல விட்டாலும் ஆபத்து இருக்கு. 2024 பிப்ரவரியில அமெரிக்காவுல சேஞ்ச் ஹெல்த்கேர்ங்கிற கம்பெனியை ஹேக் பண்ணிட்டாங்க, அந்த நாட்டுல கிளைம் ஓடறதுல பெரிய பங்கு அது வழியாத்தான். வாரக்கணக்குல டாக்டருங்களுக்குக் காசு வரல, ஃபார்மசியில இன்சூரன்ஸ் செக் பண்ண முடியல, 2 கோடியே 20 லட்சம் டாலர் பிணைப்பணமும் கொடுத்தாங்க, அப்பவும் 19 கோடிப் பேரோட விவரம் வெளிய போனது போனதுதான். அதனால உங்க கூட்டாளி ஆப்புல அம்மாவோட மெடிக்கல் ரிப்போர்ட்டை ஏத்தச் சொன்னா, எதுக்குன்னு ஒரு தடவை கேட்டுட்டு ஏத்துங்க.

இப்ப அந்த 1,740க்கு வர்றேன். நீங்க சொன்ன பில்லை வச்சுப் பார்த்தா அதுல 500 உங்க பாலிசியோட டிடக்டிபல், அதாவது முதல்ல நாமளே போட வேண்டிய பங்கு, மாதிரிதான் தெரியுது. 2024 செப்டம்பர்லேர்ந்து கோ-பேமெண்ட் இருக்கிற பாலிசியையும் விக்கணும்னு மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொல்லிட்டாங்க, பில்லுல குறைஞ்சது 5 பர்சென்ட், இல்ல 500 வெள்ளி நாம போடணும், அதுக்குப் பதிலா பிரிமியம் கொறையும். அம்மா பாலிசியை எப்ப மாத்தினீங்கன்னு ஏஜண்டைக் கேளுங்க, பிரிமியம் கம்மின்னு சொல்லி மாத்தியிருப்பாரு. மிச்சம் கவர் ஆகாத சாமானுங்க. வரிவரியா பிரிச்ச பில்லு கேட்டா கொடுத்தே ஆகணும், அதைக் கேளுங்க. டாக்டர் ஃபீஸுக்கு சட்டத்துல அட்டவணை இருக்கு, அதுக்கு மேல போக முடியாது, ஆனா ஆஸ்பத்திரி போடற சாமான், ரூம், மருந்து இதுக்கெல்லாம் அப்படி உச்ச வரம்பு இல்ல, பில்லு வீங்குறது அங்கதான். 2025 மே 1லேர்ந்து தனியார் கிளினிக், ஃபார்மசியில மருந்து விலையை எழுதி வைக்கணும்னு கொண்டு வந்தாங்க, அது ஒரு ஆரம்பம். டிஆர்ஜின்னு ஒண்ணு கொண்டு வரப் போறதா அரசாங்கம் பேசிட்டிருக்கு, ஒரு வியாதிக்கு மொத்தமா இவ்ளோன்னு முன்கூட்டியே விலை கட்டறது, அமெரிக்காவுல மெடிகேர் 1983லேயே ஆரம்பிச்சது. அது வந்தா ஏத்தம் ஆஸ்பத்திரி தலையில விழும். அது வந்தப்புறம் தவணை ஆப் வந்தா எனக்கு ஆட்சேபணையே இல்ல, எவ்ளோன்னு தெரிஞ்ச பில்லை யாரு வேணாலும் பிரிச்சுக் கட்டலாம். 2024ல மருத்துவச் செலவு ஒரே வருஷத்துல 15 பர்சென்ட் ஏறிச்சுன்னு பேங்க் நெகாராவே சொல்லி, பிரிமியம் ஏத்தத்தை மூணு வருஷத்துக்குப் பிரிச்சுப் போடுன்னு கம்பெனிங்களைப் பிடிச்சு நிறுத்த வேண்டியதாப் போச்சு. ஏறிக்கிட்டே போற பில்லைத் தவணையில கட்டினா தவணைதான் ஏறும்.

கழிச்சது தப்புன்னு தோணினா முதல்ல இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட எழுத்துல பதில் வாங்குங்க, அதுக்கப்புறம் 6 மாசத்துக்குள்ள எஃப்எம்ஓஎஸ்ங்கிற நிதி ஓம்புட்ஸ்மன்கிட்ட போகலாம், 2025 ஜனவரியில பழைய ரெண்டு அமைப்பை ஒண்ணாக்கி வந்தது, 250,000 வெள்ளி வரைக்கும் பார்ப்பாங்க, உங்ககிட்ட காசு வாங்க மாட்டாங்க.

அப்பா முட்டிக்கு, அவருக்குக் கார்டு இல்லன்னீங்க. அரசாங்கப் பெரியாஸ்பத்திரியை முதல்லயே ஒதுக்கிடாதீங்க. வெளிநோயாளி 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட் 5 வெள்ளிங்கிற இடம் அது, எந்த ஸ்டார்ட்அப்பும் அந்த விலைக்கு வராது, அங்க நம்ம கொடுக்கிறது நேரம். கிளினிக் கெசிஹாத்தான்ங்கிற அரசாங்க கிளினிக்ல காட்டி ரெஃபரல் வாங்கி எலும்பு டாக்டர் கியூவுல இன்னைக்கே பேரைப் போடுங்க, தனியார்ல பண்றதா முடிவு பண்ணினாலும் போட்டு வைங்க. இம்ப்ளாண்ட் காசை வெளிய கட்டச் சொல்லலாம், அங்கயே மெடிக்கல் சோஷியல் வொர்க்கர் ஆபீஸ் இருக்கும், தாபோங் பந்துவான் பெருபாத்தான்ங்கிற மருத்துவ உதவி நிதி பத்திக் கேளுங்க. எஸ்டிஆர்ங்கிற அரசாங்க உதவிப் பணம் வாங்குறாருன்னா, வருமானம் குறைஞ்சவங்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்துல உபகரண உதவி 20,000 வெள்ளி வரைக்கும் உண்டு, அவர் முட்டிக்கு வைக்கிறது லிஸ்ட்ல இருக்கான்னு கேளுங்க. சாதா காய்ச்சல் சளிக்கு ஸ்கிம் பெருபாத்தான் மடானின்னு ஒரு அரசாங்க வைத்தியத் திட்டம் இருக்கு, 2023ல ஆரம்பிச்சப்ப குடும்பத்துக்கு வருஷம் 250 வெள்ளின்னு வச்சாங்க, தனியார் கிளினிக்ல ஐசியை, அதாவது அடையாளக் கார்டை, கொடுத்தா செக் பண்ணிட்டு டாக்டர் அரசாங்கத்துகிட்ட கிளைம் பண்ணிக்குவாரு. எங்க சின்னம்மா அதுல போயிட்டு வந்து, "காசே கேக்கலடி, மறந்துட்டாங்களோ"ன்னு எனக்குப் போன் போட்டாங்க. அதுக்குப் பின்னாடி ஓடறதும் ஒரு சாஃப்ட்வேர்தான், ஆனா சின்னம்மாவுக்கு அது தெரியவே வேண்டியதில்ல, ஏன்னா காசு கொடுக்க வேற ஒருத்தர் இருக்காரு.

தனியார்லதான்னா ரெண்டு ஆஸ்பத்திரியில எழுத்துல எஸ்டிமேட் வாங்குங்க, பேக்கேஜ் விலையான்னு கேளுங்க, பேக்கேஜ்னா ஒரு நாள் கூடத் தங்கினா யார் கட்டறதுன்னு கேளுங்க, இம்ப்ளாண்ட் பிராண்டும் விலையும் தனியா எழுதச் சொல்லுங்க. சில இடத்துல முகம் சுளிப்பாங்க, நானும் சுளிச்சிருக்கேன், கேட்டவங்களுக்குக் கொடுத்தும் இருக்கேன். அம்மாவுக்கு அடுத்த தடவை ஏதாச்சும்னா, முன்கூட்டியே தேதி குறிச்ச ஆபரேஷனுக்கு அட்மிஷனுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே ஜிஎல் கேட்டு ஃபாரம் அனுப்பச் சொல்லலாம், அந்த "எப்பலேர்ந்து வலி" கேள்வி எல்லாம் அப்பவே வந்து முடிஞ்சிரும். டிஸ்சார்ஜ் அன்னைக்கு டாக்டர் காலைல ரவுண்ட்ஸ் வரும்போதே, "டாக்டர், இன்சூரன்ஸ் ஃபாரம் இப்பவே எழுதிருங்களேன்"னு கையில பேனாவைக் கொடுத்துருங்க. எட்டரை மணி நேரம் நாலு மணி நேரமாவாச்சும் குறையும்.